நின்ற பிறகுதான் சூடு ஏறும்!

"வானத்துல போற வண்டிக்கு எதுக்குடி பிரேக்கு?"

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் என் அத்தை கேட்ட கேள்வி இது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். காரணம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் இப்போது ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டர். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரண ரூட் இல்லை, கொல்லிமலை ரூட். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. வாழ்க்கையில் பாதியை அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒடித்தே கழித்தவர். நான் பைலட் ஆகணும் என்று சொன்னபோது வீட்டில் மற்ற எல்லாரும் செலவைப் பற்றிப் பேசினார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அது எறங்குறப்ப எப்படிக் கண்ணு நிக்கும்?"

அன்றைக்கு எனக்கு அதற்குச் சரியான பதில் தெரியாது. பிறகு ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொண்டேன்.

மகாராஷ்டிரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த பள்ளியில் சேர்ந்திருந்தேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம். அந்தப் பணம் எங்கள் வீட்டின் மேல் வாங்கிய கடன். கணக்குப் புத்தகத்தில் மணிகளை எழுதும்போதெல்லாம், செங்கல் செங்கலாக எங்கள் வீட்டைத்தான் எழுதிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அதனால் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்ற பதற்றம் எப்போதும் இருக்கும்.

பயிற்சிக்குச் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம், ஒற்றை இன்ஜின், முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று சக்கரங்கள். பிரேக் பின்னால் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு மட்டும்தான். பைக்கில் பார்ப்பீர்களே, அதே மாதிரி ஒரு டிஸ்க், அதை இரண்டு பக்கமும் கவ்வும் பேட். காரில் இருப்பது போலத் தனிப் பிரேக் பெடல் கிடையாது. காலுக்கு இரண்டு பெடல்கள். அவற்றின் கீழ்ப்பகுதியை அழுத்தினால் வாலில் இருக்கும் சுக்கான் திரும்பும். மேல்பகுதியைக் கால்விரலால் அழுத்தினால் பிரேக். இடது பெடல் இடது சக்கரத்துக்கு, வலது பெடல் வலது சக்கரத்துக்கு. அதனால் குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைப் பெடலின் கீழ்ப்பாதியில் வைத்திருக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள்.

எனக்கும் சொன்னார்கள். ஆனால் நான் ஐந்தடி. சீட்டில் உட்கார்ந்தால் மூக்குக்கு மேலே வெளியே தெரியாது. அதனால் அடியில் ஒரு தலையணை போட்டுக்கொள்வேன். வெளியே நன்றாகத் தெரியும். குதிகால் தரையில் படாது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

ஏப்ரல் மாத வெயில். ரன்வேயின் தார் மேல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. நான் தனியாக மூன்று முறை புறப்பட்டு, சுற்றி, இறங்கி, முழுசாக நின்று, டாக்ஸி செய்து திரும்பி வந்து மறுபடியும் புறப்பட வேண்டும். டாக்ஸி என்றால் விமானம் தரையில் ஓடிப் போவது. மூன்று முடிந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

முதல் இறக்கம் ஒழுங்காகவே இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் வேகமாக வந்தேன். 62, 63 நாட்டில் வர வேண்டியவள் 75-ல் வந்தேன். ரன்வேயில் பாதிக்குப் பக்கத்தில்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பின்னால் இன்னொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. "அடுத்த திருப்பத்தில் வெளியேற முடியுமா?" என்று டவரிலிருந்து கேட்டார்கள். 'முடியாது' என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. ரன்வே இன்னும் நீளமாகக் கிடந்தது. ஆனால் இருபது வயதில் 'முடியாது' என்ற சொல் வாயில் வருவதில்லை. "முடியும்" என்றேன். இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன்.

நின்றது. திரும்பினேன். அந்த மிதியின் கடைசியில் இரண்டு பெடல்களுமே வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போயின. பழைய சோபாவில் உட்காருவது மாதிரி ஒரு மெத்தென்ற உணர்வு. 'சரி, வெயில்' என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் வெயிலைக் காரணம் சொல்லிவிடலாம் அந்த ஊரில்.

திரும்பவும் புறப்படும் இடத்துக்கு டாக்ஸி. வண்டி கொஞ்சம் சோம்பலாக நகர்ந்தது. த்ராட்டிலைக் கூடக் கொடுத்தேன். மூன்றாவது முறை பறந்து இறங்கினேன். மறுபடியும் அதே திருப்பம், அதே மிதி. இந்த முறை இடது பெடல் நன்றாகவே உள்ளே போனது. ஏதோ கருகிய வாசனை. ஆனாலும் நின்றுவிட்டதே! ஷெட்டுக்கு வந்து, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு, பெருமையாக இறங்கினேன்.

இன்ஸ்ட்ரக்டர் தூரத்தில் நின்று ஒரு விரலைக் காட்டினார். 'இன்னும் ஒன்று போகிறாயா?' நான் தலையாட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனேன்.

"யாரும் கிட்டப் போகாதீங்க!"

தமிழில் கத்தியது எங்கள் டெக்னீஷியன் அண்ணன். அரக்கோணத்துக்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று அங்கே வேலைக்கு வந்தவர். கோபம் வந்தால் அவருக்கு இந்தி, ஆங்கிலம் எல்லாம் மறந்துவிடும், தமிழ்தான் வரும். திரும்பிப் பார்த்தேன். நான் வந்து நின்று ஐந்தாறு நிமிடங்கள் ஆகியிருக்கும். இடது சக்கரத்திலிருந்து நூல் மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த பையன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடினான். அண்ணன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். வாளி கவிழ்ந்தது.

அவர் மட்டும் விமானத்தின் முன்பக்கமாக, மூக்குக்கு நேராக வந்தார். பக்கவாட்டில் போகவே இல்லை. மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டு பார்க்கிங் பிரேக்கை விடுவித்தார். பிறகு தீயணைப்பான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே நின்றார். டிஸ்கின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் சொட்டியது. ஒரு கணம், கற்பூரம் ஏற்றினால் வருமே அந்த அளவுக்கு ஒரு தீ. பவுடரை அடித்தார். அணைந்தது. மொத்தமும் ஒரு நிமிடம் இருக்காது.

எனக்குக் கால் நடுங்கியது. ஆனால் மனதுக்குள் ஓடியது ஒரே கேள்வி. நிற்கும்போது புகை வரவில்லையே, நின்று ஐந்து நிமிடம் கழித்து எப்படி வந்தது?

அன்று சாயங்காலம் அண்ணன் அதை எனக்குப் புரிய வைத்தார். பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம் அது.

"உங்க வீட்ல தோசைக்கல்லு இருக்காம்மா?"

"இருக்குண்ணே."

"அடுப்ப அணைச்சதும் கைப்பிடி சூடு கொறையுமா, கூடுமா?"

யோசித்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை எடுக்கும்போதுதான் துணியைத் தேடுவாள். கூடும்.

"அதேதான். ஓடுற வரைக்கும் காத்து அடிக்குது. நிறுத்தின பிறகு காத்து இல்ல. டிஸ்க்ல இருக்கற சூடு எங்கேயாச்சும் போயாகணும்ல? பேடுக்குப் போவும், அங்கருந்து பிஸ்டனுக்கு, பிஸ்டன்லருந்து எண்ணெய்க்கும் ரப்பர் சீலுக்கும். இந்தப் பக்கம் சக்கரத்துக்கும் டயருக்கும் போவும். நீ எறங்கித் தண்ணி குடிக்கற நேரத்துலதான் அது எல்லாம் சூடாவுது. அந்த நேரம் பார்த்து நீ பார்க்கிங் பிரேக்க வேற இழுத்து வெச்சிட்ட. சூடான டிஸ்க்க பேடு விடாம கவ்விக்கிட்டு இருக்கு. சூட்டுக்கு நேரா வழி போட்டுக் குடுத்த மாதிரி."

சீல் வெந்து இறுகினால் எண்ணெய் கசியும். சிறிய விமானங்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஊற்றும் அந்தச் சிவப்பு எண்ணெய் கார் பிரேக் எண்ணெய் கிடையாது. கனிம எண்ணெய், சூட்டில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால்? காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் தெளித்தால் கல்லே விரிசல் விடும் இல்லையா, அப்படி. உள்ளே அழுத்தத்தோடு காற்று இருக்கும் டயரும் சக்கரமும் வெடித்தால், துண்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பாயும். அதனால்தான் அவர் மூக்குப் பக்கமாக வந்தார்.

எவ்வளவு சூடு என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். 1,000 கிலோ எடையுள்ள விமானம் 60 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டரில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை முழுக்க பிரேக்கே விழுங்கினால், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. 70 நாட் என்றால் இரண்டு லிட்டரைத் தாண்டும். வேகத்தில் பத்துதான் கூடியது. சூடோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. எட்டாம் வகுப்பில் இருந்து படித்த சூத்திரம்தான். இரண்டு சின்ன இரும்புத் தட்டுகள் அத்தனையையும் சில நொடிகளில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதைப் படிக்கும்போது யார் நினைத்தார்கள்?

அதிலும் நான் செய்தது ஒரு முறை இல்லை. ஆறுவதற்கு முன் அடுத்தது. அடுப்பிலிருந்து இறக்காத கல்லில் இன்னொரு தோசை.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

சம்பவத்துக்குப் பிறகு இன்ஸ்ட்ரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "பெடல் எப்போது மெத்தென்று ஆனது?"

"கடைசி இறக்கத்தில்தான் சார். இடது பக்கம் மட்டும்."

பொய். இரண்டாவது இறக்கத்திலேயே ஆனது. இரண்டு பக்கமும் ஆனது. அதைச் சொன்னால் 'தெரிந்தும் ஏன் மறுபடி பறந்தாய்?' என்று கேட்பார்கள். தனியாகப் பறக்கும் அனுமதியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பழைய பாடத்தை மறுபடியும் செய்யச் சொல்வார்கள். மறுபடியும் மணிகள், மறுபடியும் பணம். அந்த ஒரு நொடியில் இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடிவிட்டது. அவர் அதை எழுதிக்கொண்டார். வலது பிரேக்கை வெளியில் இருந்து பார்த்தார்கள். கசிவு இல்லை, நிறமாற்றம் இல்லை. இடது பக்கத்தை மட்டும் பிரித்து மாற்றிவிட்டு, காலையில் இன்னொரு மாணவனுக்கு அந்த விமானத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு.

இரவு ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு போன் செய்தேன். தைரியம் தேவைப்பட்டது. பிரேக் புகைந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்பா பதறவில்லை. பஸ் டிரைவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வண்டிய நகத்துறப்ப ஆக்ஸிலேட்டரு எப்பவும் குடுக்கறத விட கூடக் குடுத்தியா கண்ணு?"

"ஆமாப்பா. கொஞ்சம் சோம்பலா இருந்துச்சு."

"குதிகாலு எங்க இருந்துச்சு?"

பதில் சொல்லவில்லை. என் காலைக் குனிந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தரைக்கும் குதிகாலுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி.

"நீ பிரேக்கு மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்க சாமி. புதுசா வர்ற பசங்க கிளட்சு மேல கால வெச்சுக்கிட்டே போவாங்க, கேட்டா இல்லவே இல்லம்பாங்க. அவங்களுக்கே தெரியாது."

நாக்பூரை ஒரு தடவைகூடப் பார்த்திராத, விமானத்தின் உள்ளே காலே வைத்திராத மனிதர், 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து என் பிரேக்கைப் பழுது பார்த்துவிட்டார். டாக்ஸி செய்த ஒவ்வொரு நிமிடமும் பேடு டிஸ்கைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் த்ராட்டிலைக் கூட்டக் கூட்ட, இன்ஜின் தள்ளுவதும் பிரேக் இழுப்பதுமாகச் சண்டை. இறங்கும்போது மிதித்த மிதி, ஏற்கெனவே காய்ந்திருந்த கல்லில் விழுந்த மாவு.

அதோடு வைத்திருப்பேன். அப்பாதான் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொன்னதில்ல கண்ணு" என்று ஆரம்பித்தார்.

நான் பிறப்பதற்கு முன்னால். அப்பாவுக்கு அன்று டியூட்டி இல்லை. மலையில் இருந்து பயணியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டியது புதிதாக வந்த டிரைவர். ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது மலை ரூட்டில் முதல் பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். அந்த டிரைவர் அவசரத்தில் பிரேக்கிலேயே இறக்கினார். பாதி வளைவு தாண்டும்போதே அப்பாவுக்கு லைனிங் கருகும் வாசம் வந்துவிட்டது.

"சொல்லியிருக்கணும். புதுப் பையன், அத்தன பேரு முன்னாடி சொன்னா அவமானப்படுவானேன்னு விட்டுட்டேன்."

வண்டி பத்திரமாக அடிவாரத்துக்கு வந்து நின்றது. எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். அப்பாவும் 'அப்பாடா' என்று டீ வாங்கினார். டீக்கடைப் பையன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் கழித்து டயர் வெடித்தது.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஒரு காது போயிருச்சு."

அந்தக் கடையை எனக்குத் தெரியும். அப்பா எங்கே போனாலும் அந்த ஒரு கடையில்தான் டீ குடிப்பார். 'டீயே நல்லா இருக்காதேப்பா' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கல்லாவில் இருக்கும் அண்ணனிடம் நாம் பேசினால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் கேட்பார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

காலை ஐந்தரைக்கு ஷெட்டில் இருந்தேன். அண்ணன் வந்ததும், "இரண்டாவது இறக்கத்துலயே ரெண்டு பெடலும் மெத்துனு ஆயிடுச்சுண்ணே. நேத்து பொய் சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் வலது சக்கரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புது வளையம் விரலில் மாட்டினால் நெளியும். இது வற்றல் மாதிரி இருந்தது. லேசாக வளைத்தேன். உடைந்துவிட்டது.

அந்த விமானம் ஏழு மணிக்குப் பறப்பதாக இருந்தது. என்னைவிட ஒரு வருடம் சின்னவன் ஒருவன், தனியாக. இறங்கி மிதிக்கும்போது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த உடைந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

இன்ஸ்ட்ரக்டர் அறிக்கையைத் திருத்தி எழுதினார். இரண்டு வாரம் எனக்குத் தனிப் பறத்தல் கிடையாது. பழைய பாடங்களை மறுபடி செய்ய வேண்டும். நான் பயந்த அத்தனையும் அப்படியே நடந்தது. செலவும் ஆனது. அப்பா எப்படிச் சமாளித்தார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் விடுதியில் உட்கார்ந்து பிரேக் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் ஹும்லிகான் என்ற ஊரின் பெயர் தெரிய வந்தது. ஸ்விட்சர்லாந்தில் ஒரு சின்ன விவசாயக் கிராமம். அப்போது மக்கள்தொகை 217. 1963 செப்டம்பர் 4 காலை, அந்த ஊர்க்காரர்கள் 43 பேர் ஒரு விவசாயப் பண்ணையைப் பார்க்க ஜூரிச்சில் இருந்து ஜெனீவாவுக்கு விமானம் ஏறினார்கள். ஸ்விஸ்ஏர் நிறுவனத்தின் கரவெல் ஜெட். ரன்வேயில் மூடுபனி. விமானிகள் இன்ஜினைக் கூடுதல் விசையில் ஓடவிட்டு, அந்தச் சூட்டில் பனியைக் கலைத்துக்கொண்டே ரன்வேயில் ஓடிப் பார்த்திருக்கிறார்கள். இன்ஜின் தள்ள, வேகம் கூடாமல் இருக்க பிரேக் பிடிக்க... என் டாக்ஸி மாதிரியே, பெரிய அளவில். பிரேக் கொதித்தது. சக்கரம் உடைந்தது. புறப்பட்டு, சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொண்டு பறந்த பிறகு, உள்ளே தீ. டூரெனெஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. 80 பேரும் இறந்தார்கள். ஒரு கிராமத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே காலையில் போய்விட்டது.

அதைப் படித்த அன்று விடுதியில் சாப்பிடப் போகவில்லை. 'இன்னும் ஒன்று போகிறாயா?' என்று காட்டிய அந்த ஒரு விரல்தான் கண்ணுக்குள் நின்றது. நான் தலையாட்டியிருந்தேனே!

பெரிய விமானங்களில் இன்றைக்கு இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. சக்கரத்தில் ஒரு சின்ன அடைப்பான் இருக்கும். குக்கரில் சேஃப்டி வால்வு இருக்குமே, அதன் சித்தப்பா பையன். சூடு எல்லை மீறினால் அது உருகி, டயர் வெடிப்பதற்கு முன்னால் காற்றை வெளியே விட்டுவிடும். புதிய விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் முன் ஒரு சோதனை வைப்பார்கள். தேய்ந்த பிரேக்கை மாட்டி, முழு எடையை ஏற்றி, மேலெழும்பப் போகும் வேகத்தில் இருந்து மிதித்து நிறுத்த வேண்டும். டிஸ்க்குகள் கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவக்கும். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் தீயணைப்பு வண்டி பக்கத்தில் வரக் கூடாது, தீயும் பரவக் கூடாது. நிறுத்தியதில் பாதி மார்க்தான். மீதி மார்க் அந்த ஐந்து நிமிடத்துக்கு.

எங்களுடைய மாதிரி குட்டி விமானங்களில் பெரும்பாலும் அந்த அடைப்பான் கிடையாது. மூக்குச் சக்கரம் தானாகத் திரும்பும்படி விட்டுவிட்டு, பிரேக்கை வைத்தே திருப்ப வேண்டிய வகை விமானங்களும் உண்டு. அவற்றில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சிலவற்றில் பிரேக் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் வெள்ளைப் பொட்டு கறுத்துவிடும், பிறகு வெளுக்காது. பொய் சொல்லத் தெரியாத ஸ்டிக்கர். எனக்கு அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று பல முறை நினைத்ததுண்டு.

உண்மையைச் சொன்னால், செஸ்னா 172 சரியான வேகத்தில் வந்தால் தரையைத் தொட்டு 200 மீட்டருக்குள்கூட நிறுத்திவிடலாம். எங்கள் ரன்வே அதைப் போல ஆறேழு மடங்கு நீளம். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் காற்றும் தரையும் சேர்ந்து வேகத்தைத் தின்றிருக்கும். கடைசித் திருப்பத்தில் நிதானமாகத் திரும்பியிருக்கலாம். பின்னால் வந்த விமானம்? இன்னொரு சுற்று சுற்றி வந்திருக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கு ஐந்து நிமிடம்.

சீட்டுக்கு அடியில் இருந்த தலையணையைப் பாதியாகக் குறைத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒன்று வைத்து சீட்டை முன்னால் தள்ளினேன். குதிகால் தரையைத் தொட்டது. டாக்ஸி செய்தபோது விமானம் அவ்வளவு லேசாக உருளும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. த்ராட்டிலை ஏறக்குறைய முழுதும் குறைக்க வேண்டியிருந்தது.

இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் என்னைப் பற்றி ஏதோ கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஏனென்றால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தை இல்லை, பாதத்தை. பலமாக மிதித்து நிறுத்தினால், அரை மணி நேரமாவது விமானத்தைத் திறந்தவெளியில் காற்றாட நிறுத்திவிடுவேன். காய்ந்த புல் மேல் நிறுத்த விடமாட்டேன். பார்க்கிங் பிரேக்கை இழுக்கக் கை போனால் கையில் ஒரு தட்டு. உள்ளே இருந்து யாராவது 'மேடம், பெடல் ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால் திட்டுவதே இல்லை. எந்த இறக்கத்தில் என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்லும் நேரத்தில் அவர்கள் கண்ணைப் பார்ப்பேன். என் கண் அன்றைக்கு எங்கே பார்த்தது என்று எனக்குத் தெரியும்.

சென்ற வருடம் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். அனுமதி வாங்கி, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, அரை மணி நேரம் பறந்தோம். மேலே ஏறியதும் எல்லாரும் செய்வது போல வெளியே பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரு முறை கீழே பார்த்துவிட்டு, "ரோடு எவ்ளோ நேரா போவுது பாரு" என்றார். மற்ற நேரமெல்லாம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினேன். பிரேக்கை ஏறக்குறைய தொடவே இல்லை. கடைசித் திருப்பம் வரை உருளவிட்டு, திரும்பி, ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தி, கட்டை வைத்தோம். டீ சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

"இரு கண்ணு."

அப்பா நகரவில்லை. ஐந்து நிமிடம் விமானத்தில் இருந்து தள்ளி வேப்பமர நிழலில் நின்றார். பிறகு மூக்குப் பக்கமாக நடந்து வந்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சக்கரத்துக்கு முன்னால் மெதுவாகக் குந்தி, புறங்கையைத் தொடாமல் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். குனிந்து மூச்சை இழுத்தார். இடது. அப்புறம் வலது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாசம் வரல" என்றார். "வா, டீ குடிக்கலாம்."